90 நாளுக்குள் ஒரு மனு

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களில் பலர் நம் சேரிகளிலிருந்து போகிறவர்கள். அதே கம்பெனிகளில் பல ஆண்டுகள் உழைத்து, தொழில் கற்று, கடன் வாங்கி நான்கைந்து தையல் மிஷின் போட்டு, ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தொடங்கியவர்களும் நம்மில் உண்டு.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது தோல் தொழிலும் அடி வாங்கியது. ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் வேலையைத்தான். அந்த நவம்பரில் ரிசர்வ் வங்கி தவணைச் சலுகை அறிவித்தது. அது ஏற்றுமதிக் கடன் வைத்திருந்த ஏற்றுமதியாளர்களுக்கானது. ஜாப் ஒர்க் செய்கிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

'தற்காலிக நெருக்கடிதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். பொறுக்கவும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நிலமோ வசதியான உறவோ உள்ளவர் ஆறு மாதம் தாங்குவார். பஞ்சமி நிலத்தையும் இழந்த குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்த முதல் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை. தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று வங்கி எழுதிவிடும். அதற்குப் பயந்து நகையை அடகு வைக்கிறோம். கந்துவட்டிக்கு வாங்கி வங்கித் தவணை கட்டுகிறோம். தொழில் மூழ்குவது அங்கேதான்.

இதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. சிறுதொழில்களை மீட்க 2015 மே மாதம் மத்திய அரசு ஒரு வழிமுறையை அறிவித்தது. தவணை கட்ட முடியாது என்று தெரிந்தவுடனே, உரிமையாளர் தாமே வங்கியில் மனு கொடுக்கலாம். 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குக் கிளை மேலாளரே முடிவெடுக்கலாம். அதற்கு மேல் போனால் வங்கியின் குழு பரிசீலிக்கும். தவணையைத் திருத்தி அமைக்கவும் இடமுண்டு. தொழில் மறுபடி நடக்கும் என்று பில், ஆர்டர் விவரங்களோடு நாம் காட்ட வேண்டும்.

வங்கிகள் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில் நமக்கும் எச்சரிக்கை இருக்கிறது. சிறுதொழில் என்பதற்கான சான்றோடு உரிமையாளர் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். சொத்து ஏலத்துக்கு வரும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு இந்த உரிமையைக் கேட்க முடியாது. ஆகவே உத்யம் பதிவு அவசியம். அது இலவசம், தரகருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

செய்த வேலைக்குக் காசு வராமல் நிற்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் இருக்கிறது. வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயம் பொய்யல்ல. ஆனாலும் பில்லும் டெலிவரி சலானும் கையில் இருந்தால் கேட்கும் குரலுக்கு ஒரு பலம் வரும்.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் இது நல்ல திட்டம். தொடங்கியவர் நடுவில் தடுமாறும்போது மூன்று மாதம் தாங்கிப் பிடிக்க நடைமுறை மூலதனம் தர வேண்டும் என்பதே இப்போது நமது கோரிக்கை. மாவட்டத் தொழில் மையம் இதை மேலே எழுத வேண்டும். மீட்பு மனு கொடுப்பது எப்படி என்று ஊர் ஊராக முகாம் போட்டுச் சொல்லவும் வேண்டும்.

அதுவரை கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். தெருவில் மிஷின் சத்தம் நின்றுபோன வீட்டுக்குப் போய், எத்தனை நாள் தவணை பாக்கி என்று கேளுங்கள். 90 நாள் ஆகவில்லை என்றால் அன்றைக்கே உட்கார்ந்து அந்த மனுவை எழுதிக் கொடுங்கள். கிளையில் கொடுத்துவிட்டு, தேதி போட்ட ஒப்புகையும் வாங்கி வாருங்கள்.