வெறிச்சோடிய சானடோரியங்களும் லயன் அறைகளும்

நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலைப்பிரதேசங்களின் குளிர்காற்று, காசநோய்க்கு மருந்தாகவே கருதப்பட்ட காலமொன்று இருந்தது. நோயாளரைக் குன்றுகளின் மீது அமைந்த சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்கவைத்து, திறந்தவெளிக் காற்றையும் ஓய்வையும் ஊட்டமான உணவையுமே சிகிச்சையாக அளித்தனர். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1910 இல் திறக்கப்பட்ட வேவர்லி ஹில்ஸ் அத்தகையதொன்று. 1961 இல் மூடப்பட்ட அந்தச் சானடோரியம், இன்று பேய் உலவும் கட்டடமெனக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் இடமாகிவிட்டது.

இவ்வாறான நிலையங்கள் வெறிச்சோடியதற்கு அலட்சியம் காரணமன்று. ஸ்ட்ரெப்டோமைசினும், 1952 இல் ஐசோனியசிட்டும் பாவனைக்கு வந்தன. எனினும், மருந்துண்ணும் நோயாளி சானடோரியத்திலேயே தங்கியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எஞ்சியது. அதற்கான விடை சென்னையிலிருந்தே கிடைத்தது.

இங்கிலாந்தில் கணித மேதை இராமானுஜனுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் சௌரிமுத்து, 1928 இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளுடன் சானடோரியம் ஒன்றை நிறுவியிருந்தார். (அது கைவிடப்படவில்லை; அரசு மருத்துவமனையாக வளர்ந்து, ஒரு ரயில் நிலையத்துக்கும் பெயர் தந்துள்ளது.) இராமானுஜன் 1920 இல் உயிர்நீத்த சேத்துப்பட்டிலேயே, 1956 இல் காசநோய் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு நோயாளரில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றையோருக்கு நெருக்கடியும் வறுமையும் மிகுந்த அவர்களது வீடுகளிலும் ஓராண்டு மருந்து வழங்கப்பட்டது. 1959 இல் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றதனால் குடும்பத்தாருக்கு மேலதிகமாக நோய் தொற்றியதாகவும் பின்னைய ஆய்வுகள் காட்டவில்லை.

ஆனால், அவ்வெற்றியின் மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம். சென்னையில் ஊழியர்கள் வீடு தேடிச் சென்றனர்; முன்னறிவித்தலின்றி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர்; சிறுநீரைப் பரிசோதித்தனர். கட்டடத்தை மூடலாம் என்று சொன்ன அதே ஆய்வு, கண்காணிப்பைக் கைவிடலாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை.

இன்று நமது நாட்டில் காசநோய்க்கான மருந்து இலவசம். வழமையான சிகிச்சைக் காலம் ஆறு மாதங்கள். இருப்பினும், நாட்சம்பளத்தை நம்பி வாழும் தோட்டத் தொழிலாளி ஒருவர் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றுவருவதாயின், அன்றைய வருமானத்தையும் பஸ் கட்டணத்தையும் இழக்க நேரிடுகிறது. அயல் வீட்டார் அறிந்துவிடுவர் என்ற அச்சம் வேறு. இருமல் சற்றுத் தணிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுபவரை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. இடைநடுவில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகலாம். காற்றோட்டமற்ற லயன் அறையில் அது ஒருவருடன் நின்றுவிடாது.

மருந்தைத் தோட்ட வைத்தியசாலையிலேயே பெற வழிசெய்வதும், சிகிச்சைக்குச் செல்லும் நாளின் சம்பளத்தை வெட்டாதிருப்பதும் சுகாதார அமைச்சும் தோட்ட நிருவாகங்களும் ஒன்றுகூடித் தீர்மானிக்கக்கூடிய காரியங்களே. அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.