நான் அனுப்பிய அந்த வீடியோ



போன மாதம் என் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு வந்தவன், ஒரு ‘ஆயுர்வேதப் பொடி’ வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டான். மூன்றே வாரத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டிவிட்டது. அந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டது நான்தான்.

அதற்காக ஆயுர்வேதமே பொய் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் வைத்தியசாலை வாசனையோடு வளர்ந்தவர்கள். கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. என் மூட்டுவலிக்கு எண்ணெயும் கிழியும்தான் கைகொடுத்தன. ஆனால் அந்த வைத்தியர் என்னை உட்கார வைத்து நாடி பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். நான் சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆளின் உடல்வாகு பார்த்து மருந்து கொடுப்பதுதான் ஆயுர்வேதம் என்றால், ஊருக்கெல்லாம் ஒரே பொடி என்பது எப்படி ஆயுர்வேதமாகும்?

2014-ல் ஆயுஷுக்குத் தனி அமைச்சகம் வந்தது. மக்களுக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்ல வாய்ப்புதான். ஆனால் ஆர்வம் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். நம் நாட்டு வைத்தியத்தில் வெகுகாலமாக இருந்த சர்ப்பகந்தா வேரை, மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகுதான் வெளிநாட்டு டாக்டர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். சோதித்ததால் அந்த வேருக்குப் பெருமைதான் கூடியது.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். இருந்தும் தினம் ஒரு வீடியோ வருகிறது. ஐந்தரை வருடம் படித்துப் பி.ஏ.எம்.எஸ். முடித்த பிள்ளைகளின் பெயரைத்தான் இது கெடுக்கிறது. என்னிடம் படித்து வைத்தியரானவர்களே, முதலில் நீங்கள்தான் இதை எதிர்த்துப் பேச வேண்டும்.

தம்பி இப்போது நலம். கணக்கில் விடை மட்டும் எழுதினால், “வழி எங்கே?” என்று மார்க்கைக் குறைத்தவள் நான். அந்த வீடியோவைப் பார்த்தபோது அதே கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்