ஒரு பொருளும் பல சொல்லும்

மேல்நிலை வகுப்பு ஆங்கில வினாத்தாளில், தொடரொன்றில் அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணையான சொல்லைத் தெரிவு செய்யக் கேட்பர். அதற்கென மாணவர் பலர் பெயர்ச்சொற்களை இணையிணையாக மனனம் செய்கின்றனர். மனனம் இழிவன்று. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப்பள்ளி மாணாக்கர் அவ்வாறே பயின்றனர். ஆயினும் அந்நூல் சொற்களைத் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் தொகுத்தது. செய்யுளின் ஓசையும் நினைவுக்குத் துணைநின்றது. 1852இல் இங்கிலாந்தில் ரோஜே வெளியிட்ட சொற்களஞ்சியமும் பொருள்வகையால் அமைந்ததே.

இணைப்பட்டியலோ தொடரை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் தருகிறது, வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘ஜர்னி’, ‘வாயேஜ்’ இரண்டுக்கும் நேரே பயணம் என்றிருக்கும். பின்னது பெரும்பாலும் நெடிய கடற்பயணத்தைக் குறிப்பது. ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் செல்வதை ‘வாயேஜ்’ என்று எழுதினால் நகைப்பே மிஞ்சும்!

இத்தனைக்கும் இவ்வேறுபாட்டுணர்வு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பூவின் நிலைகளைப் பாவாணர் வழி அவர்கள் அறிவர். உதிர்ந்த வீயை எவரும் அரும்பு என்னார். ஏரி, குளம், குட்டை ஆகியவற்றைச் சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே பிரித்தறிவர். பாசன ஏரியை ஆங்கிலத்தில் ‘லேக்’ என்பதா, அரசு ஆவணங்களில் உள்ளவாறு ‘டேங்க்’ என்பதா? வகுப்பில் ஒருநாள் இதனை வாதிட்டால், இரு சொற்களும் அவை வழங்கும் இடத்தோடு நெஞ்சில் தங்கும். இருபது இணைகளை ஒப்பிக்கும் நேரம் அதற்குப் போதும்.