வக்காலத்து யாருக்கு?

பூந்தமல்லி நீதிமன்றத்துக்கோ அம்பத்தூர் நீதிமன்றத்துக்கோ வழக்கின் பொருட்டுச் செல்பவர் முதலில் செய்வது என்ன? வக்காலத்துத் தாளில் கையெழுத்துப் போடுவது. 'என் சார்பில் நீர் பேசும், எனக்காக நீர் செயல்படும்' என்பதே அந்தக் கையெழுத்தின் பொருள். வழக்கு வென்றால் நிலம் வக்கீலுக்குப் போய்விடுவதில்லை. நிலம் கட்சிக்காரருக்கு, வக்கீலுக்கு உரியது பேசிய பீஸ். வழக்குத் தோற்றால் தோல்வியும் கட்சிக்காரருடையதே. ஆனால் வக்கீல் கடமையில் தவறினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

வக்கீல், வக்காலத்து என்ற இரண்டும் அரபு மூலத்திலிருந்து வந்து தமிழோடு தமிழாகிவிட்ட சொற்கள். அதே வேரில் முளைத்ததுதான் 'வக்காலா' என்னும் கொள்கை. இஸ்லாமிய நிதி முறைக்கும், 'தக்காஃபுல்' என வழங்கும் இஸ்லாமிய இன்ஷூரன்சுக்கும் அது ஒரு தூண். பணம் உடையவர் ஒருவரைத் தம் முகவராக வைக்கிறார். 'இதை எனக்காக நடத்து, உனக்குக் கூலி இவ்வளவு' என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறார். பணம் கொடுத்தவருடையது, இலாபமும் அவருடையது, நட்டமும் அவருடையது. முகவர் அமானிதம் காப்பவர். அலட்சியம் காட்டினாலோ, சொன்ன வரம்பை மீறினாலோ, நட்டத்தை அவர் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்!

இதை எழுதுவதற்கு இப்போது என்ன அவசியம் என்று கேட்கலாம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இன்ஷூரன்ஸ் சட்டங்களைத் திருத்தி, இந்த நாட்டின் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் அன்னிய முதலீடு 100 விழுக்காடு வரை வரலாம் என்று வாசலை அகலத் திறந்துவிட்டது. 2015இல் 49 ஆக இருந்தது, 2021இல் 74 ஆயிற்று, இப்போது 100. கடல் கடந்த முதலாளிக்கு முழுக் கதவும் திறந்தாயிற்று. ஆனால் அம்பத்தூர் பட்டறைத் தொழிலாளி தன் சமய நெறிக்கு ஒத்த ஒரு காப்பீட்டை நாடினால், அவனுக்கு ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. இதைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம்.

கேட்பதற்கு ஆவடி வட்டாரத்துக்குத் தனி உரிமை உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரசு மாநாடு ஆவடியில் கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயம் படைப்போம் என்று தீர்மானம் போட்டது. மறு ஆண்டே, 1956இல், 245 இன்ஷூரன்ஸ் அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டு எல்.ஐ.சி. பிறந்தது. உபரியில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் பாலிசிதாரருக்கே என்று அதன் சட்டம் எழுதிவைத்தது. அதாவது, நடத்துவது அரசாங்கம், பணம் மக்களுடையது! வக்காலாவின் உள்ளக்கருத்துக்கு அது வெகு தூரத்தில் இல்லை. பிறகு என்ன ஆயிற்று? 2021இல் சட்டத்தைத் திருத்தி, 95ஐ 90 ஆக இறக்க வழி செய்தார்கள். 2022 மே மாதத்தில் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆவடியில் போட்ட தீர்மானம் பழைய காகிதம் ஆயிற்று.

இனி விஷயத்துக்கு வருவோம். சாதாரண இன்ஷூரன்சை இஸ்லாமிய அறிஞர்கள் ஏன் ஒப்புவதில்லை? மூன்று காரணம் சொல்கிறார்கள்: வட்டி, அளவு தெரியாத பேரம், சூதாட்டச் சாயல். பிரீமியத்தைக் கட்டுகிறோம், விபத்து வந்தால் பெருந்தொகை, வராவிட்டால் கம்பெனிக்கு இலாபம். இது ஆபத்தை விலைக்கு விற்பது என்பது அவர்கள் வாதம். 1985இல் ஜெத்தாவில் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவை வணிக இன்ஷூரன்சை விலக்கி, கூட்டுறவு முறைக் காப்பீட்டை மாற்றாகச் சொன்னது. சூடானில் 1979லேயே அத்தகைய கம்பெனி வந்துவிட்டது. மலேசியா 1984இல் தனிச் சட்டமே இயற்றியது.

அந்த மாற்று எப்படி நடக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எடுத்துக்காட்டுக்காகத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1,000 தொழிலாளர்கள், தலைக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 30 லட்சம். 'நம்மில் ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால் இதிலிருந்து உதவுவோம்' என்று பரஸ்பர நன்கொடையாகப் போடுகிறார்கள். நிதியை நடத்தும் கம்பெனி அவர்களுடைய முகவர். அதன் கூலி 20 விழுக்காடு என்று முன்பே எழுதியாயிற்று. 6 லட்சம் அதற்கு. மீதி 24 லட்சம் தொழிலாளரின் பொதுப்பணம். அவ்வாண்டு உதவிக்குக் கொடுத்தது 20 லட்சம் என்றால் மிச்சம் 4 லட்சம் யாருக்கு? கம்பெனிக்கு அல்ல, தொழிலாளருக்கே. திருப்பித் தரலாம், அடுத்த ஆண்டுச் சந்தாவில் கழிக்கலாம், சேமநிதியாக வைக்கலாம். 26 லட்சம் தேவைப்பட்டால்? குறையும் 2 லட்சத்தைக் கம்பெனி வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, பின்வரும் உபரியிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

சாதாரணக் கம்பெனியில் என்ன நடக்கும்? அந்த 4 லட்சம் கம்பெனியின் இலாபக் கணக்கில் ஏறும். நட்டம் வந்தால் அது கம்பெனியின் நட்டம் என்பதும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கையை மறுப்பதில் யாருக்கு ஆதாயம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முறையில், மறுத்த ஒவ்வொரு ரூபாயும் கம்பெனியின் பையில் விழுகிறது. மற்றதில், மறுத்தாலும் கொடுத்தாலும் கம்பெனிக்கு அதே கூலிதான். தொழிலாளியின் கண்ணீரைக் காசாக்கும் ஆசைக்கு அங்கே இடம் குறைவு. இதுவே வக்காலாவின் உயிர்நாடி!

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு வருகிறாரே இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, அண்ணனாகவும் மாமாவாகவும் பழகுகிறாரே, அவர் யாருக்கு ஏஜெண்டு? நமக்கு அல்ல, கம்பெனிக்கு. சரி, கம்பெனிக்கு ஏஜெண்டு என்றால் அவர் கையில் கொடுத்த பணம் கம்பெனியிடம் கொடுத்ததாகுமா? அதுவும் இல்லை! 1997இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பிரீமியத்துக்கான காசோலையை ஏஜெண்டு வாங்கிக்கொண்டார். பணம் எல்.ஐ.சி.யில் போய்ச் சேருமுன் பாலிசிதாரர் விபத்தில் மாண்டார். பிரீமியம் வசூலிக்க ஏஜெண்டுக்கு அதிகாரம் தரப்படவில்லை, ஆகவே பாலிசி காலாவதியானதுதான் என்று தீர்ப்பாயிற்று. விற்கும்போது அவர் கம்பெனியின் ஆள். வினை வரும்போது யாருடைய ஆளும் அல்லர். வக்காலா இந்த உறவைத் தலைகீழாகத் திருப்புகிறது. அங்கே கம்பெனியே நமக்கு ஏஜெண்டு!

இது பாலைவனத்திலிருந்து வந்த புதுமை, நமக்கு ஒவ்வாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். அதன் பத்தாம் அதிகாரம் முழுவதும் முகவாண்மைதான். கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 213ஆவது பிரிவு. முதல்வருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்து ஆதாயம் பெற்றால், அந்த ஆதாயத்தை முதல்வர் கேட்டு வாங்கலாம் என்கிறது 216ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டமும் அரபு நாட்டு அறிஞர் சொன்ன நெறியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

அதுவும் வேண்டாம், நம் சீட்டுப் பிடிக்கும் முறையைப் பாருங்கள். பத்துப் பேர் பணத்தைச் சேர்த்து ஒருவர் நடத்துகிறார். அவருக்குக் கமிஷன் உண்டு, ஆனால் அளவோடு. 1982ஆம் ஆண்டுச் சட்டம் 5 விழுக்காடு என்றது. 2019இல் அதை 7 ஆக்கினார்கள். ஏலத்தில் தள்ளிய பணத்தில் கமிஷன் போக மிச்சம் சீட்டுக் கட்டியவர்களுக்கே கழிவாகத் திரும்புகிறது. முகவருக்குக் கூலி, உரியவருக்கு உபரி என்ற பாடத்தைத் தமிழனுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்பது பழமொழி. எத்தனை சொட்டு நக்கலாம் என்று முன்பே எழுதிவைப்பதுதான் வக்காலா. ஆனால் அங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. கூலி முன்கூட்டியே நிச்சயம் என்பதால், வேலை நன்றாக நடந்தாலும் நடக்காவிட்டாலும் முகவர் பை நிறையும். அவர் கூலியைக் கொழுக்க வைத்துக்கொண்டால் தொழிலாளிக்கு மிஞ்சுவது சக்கை. வங்கி வைப்புகளில், 'இவ்வளவு இலாபம் எதிர்பார்க்கலாம்' என்று ஓர் அளவைச் சொல்லி, அதற்கு மேல் வருவதை முகவருக்கு வெகுமதி ஆக்கும் வழக்கமும் உண்டு. வட்டிக்கு வேறு சட்டை மாட்டியதுதானே இது என்று இஸ்லாமிய அறிஞர்களிலேயே சிலர் கண்டிக்கிறார்கள். உபரியில் முகவர் பங்கு கேட்பது சரியா என்பதிலும் அவர்களுக்குள் கருத்துவேறுபாடு உண்டு. ஆகவே பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்; கூலிக்கு உச்சவரம்பும் கணக்குக்குத் தணிக்கையும் வேண்டும். அவற்றைத் தர வல்லது அரசாங்கம் ஒன்றே.

அந்த அரசாங்கம் என்ன செய்தது? வட்டியில்லா வங்கி முறைக்கு இடமளிக்கலாம் என்று ரகுராம் ராஜன் குழு 2008இல் சொன்னது. ரிசர்வ் வங்கி அமைத்த தீபக் மொகந்தி குழு 2015இல் வழக்கமான வங்கிகளிலேயே தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017 நவம்பரில், அந்தத் திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று ரிசர்வ் வங்கி கைகழுவியது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறச் சம வாய்ப்பு இருக்கிறதே என்பது சொன்ன காரணம். சம வாய்ப்பா? முஸ்லிம்களுக்குக் கிடைக்கும் வங்கிக் கடன் அவர்களின் மக்கள்தொகைப் பங்குக்கு எட்டவில்லை என்று 2006லேயே சச்சார் குழு எடுத்துக் காட்டியதே! பசித்தவன் உண்ண முடியாத பண்டத்தைப் பரிமாறிவிட்டு, பந்தி எல்லோருக்கும் பொது என்று சொல்வது நியாயமா?

சட்டத்தின் கதவு மூடியிருந்தால் கள்ளச்சாவிக்காரன் வருவான். வந்தான். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம், வட்டி அல்ல இலாபப் பங்கு, ஹலால் முதலீடு என்று சொல்லிப் பணம் திரட்டியது. பணம் போட்டவர்களைக் கூட்டாளிகள் என்று எழுதிக்கொண்டது. 2019 ஜூனில் அது கவிழ்ந்தது. நகையை விற்றும் மகள் திருமணத்துக்குச் சேர்த்ததை எடுத்தும் போட்ட எளிய முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் நேர்ந்த கதி என்று எவரும் நினைக்க வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை போகும் அமைந்தகரையில் அலுவலகம் வைத்திருந்த ஆருத்ரா நிறுவனத்தின் மீது 2022இல் வழக்கு வந்தது. சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கூறியது. அங்கே ஹலால் பேச்சு இல்லை, பெருவட்டி ஆசைதான். சமயம் வேறு, நோய் ஒன்று: ஊரார் பணத்தை வாங்கியவன் தன்னை முகவனாக எண்ணாமல் உடைமைக்காரனாக எண்ணிவிட்டான்! தமிழ்நாடு 1997இலும் ஒன்றிய அரசு 2019இலும் வைப்பாளர் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றின. நன்று. ஆனால் அவை திருடனைத் துரத்தும் சட்டங்கள். நேர்மையான கடைக்கு உரிமம் தரும் சட்டம் எங்கே?

மதச்சார்பற்ற நாட்டில் இது தகாது என்பார் உண்டு. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் இத்தகைய நிதி நிறுவனமொன்றில் பங்கேற்க முனைந்தபோது வழக்குப் போட்டார்கள். 2011 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. பிரிட்டன் 2014இல் 20 கோடி பவுண்டுக்கு வட்டியில்லா அரசுப் பத்திரம் வெளியிட்டது. பிரிட்டன் என்ன, இஸ்லாமிய நாடாகிவிட்டதா? பக்கத்து இலங்கையில் 1999 முதல் தக்காஃபுல் கம்பெனி நடக்கிறது. 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011இல் அமானா வங்கி தொடங்கியது. தமிழ் பேசும் முஸ்லிம் அங்கே சட்டத்தின் நிழலில் சேமிக்கிறார். இங்கே, தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 42 லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

நாம் எந்தச் சமயத்துக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. உழைத்தவன் பணத்துக்கு வக்காலத்து வாங்குகிறோம். கேட்பது மூன்று. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் தன் கண்காணிப்பிலேயே முகவாண்மை முறைக் காப்பீட்டுக்கு இடம் தரட்டும்; அதில் எச்சமயத்தாரும் சேரலாம். கூலிக்கு உச்சவரம்பு, உபரி உறுப்பினருக்கே, ஆண்டுதோறும் தமிழில் கணக்கு என்று விதி செய்யட்டும். இரண்டாவது, தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சிறு மூலதனத்தோடு இதை நடத்த வழி வேண்டும். 1999இல் வந்த 100 கோடி மூலதன விதியை எந்தப் பட்டறைத் தொழிலாளர் சங்கம் தாண்ட முடியும்? மூன்றாவது, எந்தப் பாலிசியானாலும் என் 100 ரூபாயில் தரகுக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு, காப்புக்கு எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே அச்சிடட்டும். 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக இருந்த கமிஷன் வரம்பை எடுத்துவிட்டு, மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனியே முடிவு செய்யலாம் என்றார்களே; அந்த முடிவைப் பணம் கட்டுபவர் அறிய வேண்டாமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். 100 விழுக்காட்டு அன்னிய முதலீட்டை அளக்காமல் அனுமதித்தவர்கள், அம்பத்தூர்த் தொழிலாளியின் 3,000 ரூபாய்க்கு ஓர் அளவுகோல் தரத் தயங்குவானேன்? பணம் மக்களுடையது, நடத்துபவர் மக்களின் முகவர். டில்லி ஆட்சியாளருக்கும் இதே கணக்குத்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் கொடுப்பது சொத்துப் பத்திரம் அல்ல, வக்காலத்து!