விசைத்தறி உரிமையாளர் நுகர்வோரா?

1990 மே மாதம் மகாராஷ்டிரத்தின் லக்ஷ்மி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது. இயந்திரம் தாமதமாக வந்தது, குறைபாடும் உள்ளது என்பது புகார். மாநில ஆணையம் இழப்பீடு அளித்தது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. இயந்திரம் வணிக நோக்கத்துக்காக வாங்கப்பட்டது, ஆகவே வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று 1995 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அந்த நிறுவனத்துக்கு எஞ்சியது, உரிமையியல் நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்பு மட்டுமே.

முப்பது ஆண்டுகள் கடந்தும் நுகர்வோர் ஆணையங்களில் அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது. கொங்கு மண்டலத்துக்கு இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. சோமனூரிலும் பல்லடத்திலும் சொந்தத் தறியில் கூலிக்கு நெய்பவர், திருப்பூரில் வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம் போட்டிருப்பவர் ஆகியோருக்கு இயந்திரம் நின்றால் கூலியும் நிற்கும். வங்கித் தவணை நிற்காது.

வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழிலில் மட்டுமே பயன்படுத்த வாங்கிய பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்று சட்டமே விலக்கு அளித்துள்ளது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு தானே இயந்திரத்தை இயக்குபவரும் நுகர்வோரே என்று அதே 1995 தீர்ப்பு விளக்கியது. ஆனால், கணவனும் மனைவியும் ஓட்டும் ஆறு தறிக்கும், மூன்று கூலியாட்களோடு ஓடும் பன்னிரண்டு தறிக்கும் இடையே கோடு எங்கே? சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. வழக்குக்கு வழக்கு அது மாறும். அதனால்தான் விற்பனையாளரின் முதல் ஆட்சேபமே 'இவர் நுகர்வோர் அல்ல' என்பதாக இருக்கிறது.

இதில் 2024 மே மாதம் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. வணிக நோக்கம் என்று வாதிடுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அவர் மெய்ப்பித்த பிறகே சுயதொழில் விலக்கைக் காட்டும் பொறுப்பு புகார்தாரருக்கு வருகிறது.

நீதிமன்றம் ஒரு கதவைத் திறக்க, நாடாளுமன்றம் அதற்கு முன்பே மற்றொன்றைச் சாத்திவிட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தம், சுயதொழிலுக்காக வாங்கும் பொருள்களோடு அதற்காகப் பெறும் சேவைகளுக்கும் விலக்கு அளித்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே விளக்கத்தில் 'சேவைகள்' இல்லை. தவறுதலா, திட்டமிட்டதா? எதுவாயினும், இது பற்றி நடந்த விவாதம் போதாது. பழுதான தறியை வாங்கியவருக்கு ஆணையத்தின் வாசல் உண்டு. அதே தறியின் பராமரிப்பு ஒப்பந்தத்திலோ நடைமுறை மூலதனக் கடனிலோ ஏமாந்தவருக்குச் சட்டத்தின் சொற்கள் துணை நிற்கவில்லை. காப்பீட்டில் மட்டும் 2023-இல் வெளிவந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு கைகொடுக்கிறது. சிறு, குறுந்தொழில் சட்டத்தின் வசதிக் குழுவோ விற்றவருக்கு வர வேண்டிய நிலுவையைப் பெற்றுத்தருவதற்கு உள்ளது. வாங்கியவரின் குறைக்கு அல்ல.

எனவே எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் கோரி வழக்கிட 3 சதவீதக் கணக்கில் 30,000 ரூபாய் கட்டணம். அதே விலையுள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் 200 ரூபாய். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை.

தொழில் நடத்துவோரை எல்லாம் அனுமதித்தால், மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய வழக்குகள் மேலும் தேங்கும் என்பார்கள். நியாயமான அச்சம். பெரிய ஆலைகளுக்கு இங்கே இடம் கேட்கவில்லை. நீக்கப்பட்ட சொல்லை மீண்டும் சேர்ப்பதும், குடும்ப உழைப்பால் நடக்கும் தொழிலுக்குத் தெளிவான எல்லை வகுப்பதும் போதும்.

சட்டம் திருந்தும்வரை புகார் எழுதுவோர் ஒன்றைச் செய்யலாம். இயந்திரத்தை இயக்குவது யார், உதவிக்கு எத்தனை பேர், குடும்பத்துக்கு வேறு வருமானம் உண்டா என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இந்த விவரம் இல்லாத மனு, குறைபாடு பற்றிய விசாரணைக்கு முன்பே தள்ளுபடியாகக்கூடும்.