சம்பளப் பணமும் சட்டைப்பைக் கடையும்



வாங்கிக் குவிப்பவரைக் கண்டால் "ஊதாரி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் லயங்களில் வழக்கம். பெண்ணாயிருந்தால் "குடும்பத்துக்கு ஆகாதவள்" என்பதையும் சேர்த்துக் கொள்வார்கள். நோயில் விழுந்தவரை மேலும் இருட்டுக்குள் தள்ளுகின்ற தீர்ப்பு இது என்பது எனது அபிப்பிராயம்.

நோயா என்று கேட்கிறீர்களா? எமில் கிரேப்லின் என்னும் ஜெர்மானிய மனநோய் மருத்துவர், அடக்க முடியாத கொள்முதல் வெறியைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். 2022இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், உந்துதலை அடக்க இயலாத கோளாறுகளின் வரிசையில் இதற்கு இடம் தருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ, 2013இல் சூதாட்டத்தைப் போதைப் பட்டியலில் சேர்த்தபோது, கொள்முதலைச் சேர்க்க ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டது. போதை என்பதா, கோளாறு என்பதா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். பெயர் முடிவாகும் வரை கடன்காரன் காத்திருக்கப் போவதில்லை.

பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குவதும், தீபாவளிக்குக் கொஞ்சம் மிஞ்சிச் செலவழிப்பதும் நோயாகா. இந்த நோயில் பொருள் முக்கியமே இல்லை. மனத்தில் ஒரு பாரம், தனிமை, அல்லது கோபம். கை தானாகவே கைத்தொலைபேசியைத் தேடுகிறது. பொறுக்கும்போது ஒரு குதூகலம், பணம் கட்டும்போது ஒரு நிம்மதி. பொருள் வந்து சேருவதற்குள் அந்த நிம்மதி போய்விடும். பிறகு வெட்கம், ஒளித்து வைத்தல், பொய். அந்த வெட்கமே புதிய பாரமாகி மறுபடியும் வாங்கச் செய்கிறது. கள்ளுக்கடைக்குப் போய் வந்தவனின் மறுநாள் காலையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

எங்கள் தோட்டத்தில் பொட்டலங்களை லயத்துக்குக் கொண்டு போவதில்லை. ஆபீசில்தான் போட்டுவிட்டுப் போகிறார்கள். சம்பள முன்பணம் கேட்கும் மனுவும் அதே மேசைக்குத்தான் வரும். ஆகவே கிராணியின் கண்ணில் இரண்டும் ஒருசேரப் படுகின்றன. ஓர் அம்மாள், பால்வெட்டில் கெட்டிக்காரர், வேலைக்கு மட்டம் போடாதவர். தொடர்ந்து மூன்று மாதம் முன்பணம் கேட்டார். அந்த மூன்று மாதத்தில் அவர் பெயருக்கு வந்த பொட்டலங்கள் இருபதுக்கு மேல். சிலவற்றை எடுத்துப் போகக்கூட வரவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரே என்ற பயம். விசாரித்தபோது, "வாங்குற நேரம் மட்டும் மனசு லேசா இருக்குங்க ஐயா" என்றார். அவரை ஊதாரி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. (மோட்டார் சைக்கிள் சாமான்களும் தூண்டில்களும் வாங்கிக் குவிக்கும் ஆண்களை நாம் ஊதாரி என்பதில்லை, அதற்கு "பொழுதுபோக்கு" என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருக்கிறோம்!)

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் பாருங்கள். மதுக்கடையிலோ, கேளிக்கை இடத்திலோ, சில்லறைக் கடையிலோ வைத்துத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கலாகாது. அங்கேயே வேலை செய்பவருக்கு மட்டும் விலக்கு. சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவழிப்பது என்று முதலாளி நிபந்தனை போடுவதை 26ஆம் பிரிவு தடுக்கிறது. முன்பணத்துக்கு முதலாளி வட்டி வாங்குவதும் கூடாது. ஏன் இத்தனை வேலி? கூலி கிடைக்கும் இடத்திலேயே அது கரையும் இடமும் இருந்தால் உழைப்பாளி தப்பமாட்டான் என்பது பட்டறிந்த பாடம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றல்லவா?

இன்று சம்பளம் வங்கியில் ஏறுகிறது. வங்கி கைத்தொலைபேசிக்குள், கடையும் அதற்குள், கடன் கொடுப்பவனும் அதற்குள்ளேயே. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி, பதினோராம் மாதம் பதினோராம் தேதி என்று மலிவு விற்பனைத் திருவிழாக்கள் வேறு. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் இந்தத் திருவிழாக்களுக்கு எத்தனை நாள் தாங்கும்? சம்பளத்தில் பிடித்தம் பொதுவாகப் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் காக்கிறது. "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்னும் கடனோ சம்பளச் சீட்டில் தலைகாட்டாமல் வெளியே வளருகிறது.

உறவினர் கூடிக் கடனை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். நோய் அப்படியே இருக்க, கணக்கு மட்டும் காலியானால், அது மறுபடி நிரம்ப எத்தனை நாள் ஆகும்? கடனுக்கு, பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. மனத்துக்கு, அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொன்னால் மேற்கொண்டு வழி காட்டுவார்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை பலருக்குப் பலன் தந்திருக்கிறது. மனச்சோர்வு கூடவே இருந்தால் அதற்கும் வைத்தியம் உண்டு. சம்மதமானால், சம்பளக் கணக்கைச் சிறிது காலம் நம்பிக்கையான ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். கடைச் செயலியை நீக்கிவிடலாம்.

கமிட்டித் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். யாருடைய பெயரும் அங்கே அடிபட வேண்டாம். ஏ.கே.பி.கே. தொலைபேசி எண்ணைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, முன்பண மனு மூன்றாம் முறை வரும்போது அந்தத் தொழிலாளியுடன் தனியே உட்கார்ந்து பேச ஒருவரை நியமிப்போம்.