ஊர்ப்பொதுவில் ஒரு கணினி

நாகலாபுரம், விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகிய கரிசல் ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவச் செல்வங்களை நாம் நன்கறிவோம். பருத்தியும் உளுந்தும் மிளகாயும் மழையை நம்பி விளையும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். கையில் அலைபேசி உண்டு, கணினி இல்லை. அலைபேசி காண்பதற்கும் கேட்பதற்கும் உகந்தது. நிரல் எழுதி, அது பிழைபட, திருத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் பயிற்சியை அது எளிதில் தருவதில்லை. ஆளுக்கொரு கணினி வேண்டும் என்பார் பலர். ஒரே கணினி பலருக்குப் போதும் என்பதே எம் கருத்து.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், ஒரு பொறியில் பலர் ஒரே வேளையில் பணியாற்ற இடந்தருவது. இதனை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் எஸ்.டி.எஃப். என்னும் பொதுப்பணி அமைப்பு இன்றும் நடைபெறுகின்றது. 1987இல் ஜப்பானியச் சித்திரப்பட ஆர்வலர்களுக்கென ஓர் ஆப்பிள் கணினியில் தொடங்கிய சிறு முயற்சி அது. பெயரும் அத்தகைய ஒரு படத்தொடரிலிருந்து வந்ததே. விளையாட்டாய்ப் பிறந்தது பின்னர் யூனிக்சுக்கு மாறி, யாவர்க்கும் திறந்த கூடமாயிற்று. எவரும் கணக்குத் தொடங்கலாம். ஒரு டாலர் நன்கொடை அளித்தால் கூடுதல் வசதிகள். 36 டாலர் அளித்தால் வாழ்நாள் உறுப்புரிமை. பராமரிப்போர் தன்னார்வலர்கள். விளம்பரம் இல்லை.

நம் தமிழுலகும் இவ்வழி அறியாததன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணுக. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாய் ஏற்றினர். தமிழ்த்துறையினராகிய நாம் நாள்தோறும் அதன் பயனைத் துய்க்கின்றோம். நூல்களுக்குச் செய்ததைக் கணினிக்கும் செய்தல் கூடாதா?

துறையில் ஒதுக்கப்பட்ட பழைய கணினி ஒன்றில் லினக்சை நிறுவினால் போதும், அதற்கு விலையில்லை. எழுத்து மட்டுமே பரிமாறப்படுவதால் மிகக் குறைந்த இணையச் செலவே ஆகும். நாகலாபுரத்து மாணவி விடுமுறையிலும் தன் அலைபேசியிலிருந்தே அதனுள் நுழைந்து பயிலலாம். கணக்கிடும் பாரமெல்லாம் கல்லூரிப் பொறியினுடையது. சிறு திரையில் தட்டச்சிடுவது கடினந்தான். விலை குறைந்த விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொண்டால் அதுவும் தணியும்.

தவறாகப் பயன்படுத்துவாரே எனப் பெரியோர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயின் பெயர் தெரியாதவர்க்குக் கதவு சிறிதே திறந்து, தம்மை இன்னார் என்று உறுதிசெய்தவர்க்கு முழுதும் திறக்கும் முறையை நாமும் கைக்கொள்ளலாம். எம்மை உறுத்துவது வேறொன்று. முதலாண்டு ஆர்வம் தணிந்தபின், மின்தடைக்குப் பிறகு பொறியை எழுப்புவதும், காப்புப்படி எடுப்பதும் யார் பொறுப்பு? ஒருவரை மட்டும் நம்பினால் அவர் பட்டம் பெற்றுச் செல்லும் நாளில் எல்லாம் நின்றுவிடும். ஆண்டுதோறும் மூத்தோர் இருவர் இளையோர் இருவர்க்குச் சாவியைக் கைமாற்றும் ஏற்பாடு முதல் நாளிலேயே வேண்டும்.

தமிழ்த்துறைக்கும் இதில் தனிப்பணி உண்டு. ஆங்கில எழுத்துக்குச் சம அகலக் கட்டங்களாய் அமைந்த முனையத் திரையில் நம் கொம்பும் காலும் பல வேளை சிதைந்தே தோன்றுகின்றன. அதனைச் சீர்செய்ய எழுத்திலக்கணம் கற்றவரும் நிரல் கற்றவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் பேரகலி இணைப்புக்கான ஓராண்டுக் கட்டணத்தை ஏற்பாராயின், வரும் பருவத்திலேயே அம்மேசையை இடலாம்.